பதினேழாம் இலக்க முதுகு

அந்தப் படத்தில் இருக்கும் முதுகு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில்லாத பனியன், அதில் பதினேழு என்று இலக்கம். கால்கள் இரண்டும் நிலத்தில் இல்லை. வலது முழங்கால் எதிரணிக்காரன் ஒருவனுடைய தோளில் ஊன்றியிருக்கிறது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே பந்தைப் பிடித்திருக்கின்றன. முகம் தெரியாது. படத்துக்குக் கீழே ஒரு பெயரை அச்சடித்திருக்கிறார்கள். அது என் பெயர் அல்ல. அந்தப் பெயருக்குரியவர் தன் வாழ்நாளில் அந்தப் பந்தைத் தொட்டுக்கூடப் பார்த்தவர் அல்ல.

பாரிஸில் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தை ஆரம்பத்தில் விளையாடிய ஆட்களில் நானும் ஒருவன். தமிழர்களில், எனக்குத் தெரிந்தவரை, நான் மட்டும்தான். எங்கள் கழகம் தன் ஆரம்பகால ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறது. அதில் என் முதுகு இருக்கிறது, நான் இல்லை. ஐந்து வருடம் ஓடினேன், விழுந்தேன், எலும்பை முறித்துக்கொண்டேன். எல்லாம் இன்னொருவர் பெயரில் பதிவாகிவிட்டன. இந்த எழுத்தில் நான் யாருடைய பெயரையும் போடப்போவதில்லை. பெயரால் நான் பட்ட பாடு போதும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வந்து இறங்கினேன். அகதி விண்ணப்பம் போட்டால் முடிவு வர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் வயிறு இருக்கிறது, வாடகை இருக்கிறது, ஊரில் அம்மா இருக்கிறா. இதற்குப் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி, கார்ட் உள்ள ஒருவருடைய வதிவிட அட்டையை வாங்கிக்கொண்டு அவர் பெயரில் வேலை செய்வது. முதலாளி கார்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். இரண்டும் கறுப்பாக இருந்தால் அவருக்குத் திருப்தி. பதினைந்து வயது வித்தியாசமெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அப்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குக் கார்ட் தந்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், பாரிஸுக்கு வெளியே சார்செலில் குடும்பத்தோடு இருந்தார். ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் கிடங்கில் பதிவில்லாமல் மூட்டை தூக்கினார். அதனால் அவருடைய கார்ட் வீட்டில் சும்மா கிடந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பத்தொன்று. நான் நெட்டை, அவர் கட்டை. நல்ல மனிதர்தான். அவர் தந்த கார்டில்தான் நான் சாப்பிட்டேன், அதை எந்த இடத்திலும் மறுக்க மாட்டேன். அவர் பெயரில் நான் வெங்காயம் வெட்டிய, சட்டி கழுவிய வருடங்களெல்லாம் அவருடைய ஓய்வூதியத்தில் சேர்ந்தன. சேரட்டும். அதில் எனக்கு எள்ளளவும் வயிற்றெரிச்சல் இல்லை. அது பேசிக்கொண்ட விஷயம்.

பேசிக்கொள்ளாத விஷயம் ஒரு முட்டைக்கோஸில் தொடங்கியது. நான் வேலை செய்த ரெஸ்டோரன்ட் அலுவலகக்காரர்களுக்கானது, சனி ஞாயிறு பூட்டு. வெள்ளிக்கிழமைகளில் பின்பக்கச் சந்துக்கு மரக்கறி வான் வரும். சாரதி அவசரக்காரன், முட்டைக்கோஸ்களை ஒவ்வொன்றாக எறிவான், நான் பிடித்துப் பெட்டியில் அடுக்குவேன். ஊரில் கரப்பந்தாட்டம் விளையாடிய உடம்பு. எவ்வளவு உயரத்தில் வந்தாலும் எழும்பிப் பிடித்துவிடுவேன். பக்கத்து பாரில் பரிமாறும் அவுஸ்திரேலியன் ஒருவன் சிகரெட் புகைத்தபடி இதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் உள்ளே போய்ப் பப்பாப்பழம் போன்ற ஒரு தோல் பந்தோடு வந்தான். அதை மேலே உதைத்தான். நான் குப்பைத் தொட்டியில் ஒரு காலை வைத்து எழும்பிப் பிடித்தேன். நாளைக்குக் காலையில் உனக்கு என்ன வேலை என்று கேட்டான்.

நகரத்துக்கு வெளியே ஒரு றக்பி மைதானம். வேறு யாரும் கேட்காத நேரத்தில் எங்களுக்குத் தருவார்கள். இந்த விளையாட்டுக்கு ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் வேண்டும். அங்கே இருந்தவை இரண்டுதான். அதனால் தண்ணீர்க் குழாய்களைக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் நட்டு நான்காக்குவோம். நடுக் கம்பங்களுக்கு இடையால் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தால் போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையால் எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மற்றக் கையின் முஷ்டியால் குத்திக் கொடுக்க வேண்டும். அந்தக் குத்து எனக்குக் கரப்பந்தாட்டத்திலேயே பழக்கம். இன்னொரு விதியும் உண்டு. உதைத்த பந்தை நிலத்தில் படமுன் பிடித்துவிட்டால் ஆட்டம் உனக்காக நிற்கும். நீ உதைக்கும்வரை உன்னை யாரும் தொடக் கூடாது. மெட்ரோ வாசலில் பொலிஸைக் கண்டால் அடுத்த தெருவுக்குத் திரும்பி நடந்த காலம் அது. என்னை யாரும் தொடக் கூடாது என்று விதி இருந்த ஒரே இடம் அந்த மைதானம்தான். அதற்காகவே சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

முதல் நாளே ஒரு படிவம் தந்தார்கள். பெயர், பிறந்த திகதி, முகவரி. நான் யோசிக்கவேயில்லை. ஒரு வருடமாக எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கார்ட்காரருடைய பெயரை எழுதிப் பழகிய கை, தானாகவே அதை எழுதியது. அவருடைய பிறந்த நாளையும் சார்செல் முகவரியையும்கூட எழுதியது. அந்தக் கழகத்தில் யாரும் கார்ட் கேட்கவில்லை. பாதிப் பேர் பட்டப்பெயரில்தான் விளையாடினார்கள். சொந்தப் பெயரை எழுதியிருந்தால் ஏன் என்று கேட்க ஒரு குருவிகூட அங்கே இருந்திருக்காது. ஆனால் கார்ட் இல்லாமல் இருந்தவனுக்கு வேறு பயம். வேலையில் ஒரு பெயர், விளையாட்டில் ஒரு பெயர் என்று போனால், என்றைக்கோ ஒருநாள் இரண்டும் ஒரு மேசையில் சந்தித்துவிடும் என்று நினைப்பான். அந்த பார்க்காரனுக்கும் முதலாளி என்னைக் கூப்பிட்ட பெயர்தானே தெரியும். அன்றைக்கு எழுதிய அந்தக் கையை இன்றைக்கும் செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

கார்ட்காரருடைய பிறந்த திகதியால் நான்தான் கழகத்தின் ஆக வயது கூடிய ஆட்டக்காரன் ஆனேன். நாற்பத்திரண்டு வயதில் இப்படி எழும்புகிறானே என்று எல்லோருக்கும் அதிசயம். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். குத்தரிசிச் சோறு என்றேன். இரண்டு பேர் லா சப்பலில் வந்து மூட்டையாகவே வாங்கிப்போனார்கள். இரண்டாம் வருடம் என் இடது காறையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர்களும் கழகத்து ஆட்கள்தான், பெயர் சொன்னவர்களும் அவர்கள்தான். இந்த வயதில் எலும்பு மெதுவாகத்தான் ஒட்டும் என்றார் வைத்தியர். அது ஐந்து கிழமையில் ஒட்டியதும் எக்ஸ்-றே படத்தை இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தின் மூலையில் கார்ட்காரருடைய பெயர் இருந்தது.

லா சப்பலில் இதெல்லாம் பகிடி. தேநீர்க் கடையில் என்னைக் கண்டாலே தொடங்கிவிடுவார்கள்.

"உதென்னடா விளையாட்டு, பந்துமில்லை பழமுமில்லை?"

"கிறிக்கெட் எண்டாலும் ஒரு கப் தருவாங்கள். உவனுக்குக் கையைக் காலை முறிச்சு விடுறாங்கள்."

ஒரு வருடம் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் தேரும் எங்கள் ஆட்டமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்தன. நான் ஆட்டத்துக்குப் போனேன். அந்தப் பாவத்துக்கு ஒரு மாதம் ஏச்சு வாங்கினேன். பெல்ஜியத்திலிருந்து வந்த அணியோடு விளையாடிய அந்த நாளில்தான் அந்தப் படம் எடுக்கப்பட்டது. பந்து மிக உயரத்தில் வந்தது. முன்னால் நின்றவனுடைய தோளில் முழங்காலை வைத்து ஏறியது மட்டும் நினைவிருக்கிறது. பிடித்துக்கொண்டு கீழே வந்தபோது இரண்டு அணிக்காரர்களும் கத்தினார்கள். கத்தியது கார்ட்காரர் பெயரை. எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அடுத்த வருடமே தேருக்கு வருகிறேன் என்று அந்த அவுஸ்திரேலியனுக்குச் சொன்னேன். நீயும் வா, தேங்காய் உடைக்கலாம், எந்த வருடம் வந்தாலும் என்னைத் தேர் வடத்துக்குப் பக்கத்தில் காணலாம் என்றேன்.

பிறகு என் விண்ணப்பத்துக்கு முடிவு வந்தது. சொந்தப் பெயரில் கார்ட் கிடைத்தது. லா சப்பலில் எல்லோரும் கை கொடுத்தார்கள். அவருடைய கார்டை ஒரு பெட்டி இனிப்போடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். பழைய ரெஸ்டோரன்டில் நான் வேறு ஆள், அதனால் அதை விட்டு வேறு இடத்தில் வேலை எடுத்தேன். கழகத்துக்கு என்ன சொல்வது? இத்தனை வருடமும் நான் சொன்ன பெயர் பொய், வயது பொய் என்று எப்படிப் போய்ச் சொல்வது? அவமானமும் பயமுமாக ஒரு சனிக்கிழமை போகாமல் விட்டேன். அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. தொலைபேசி இலக்கத்தையும் மாற்றினேன். என் பெயர் எனக்குக் கிடைத்ததும் என் விளையாட்டு போய்விட்டது. அவர்களும் ஒருவர்கூட என்னைத் தேடவில்லை என்று பல வருடம் மனத்துக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

கலியாணம் கட்டினேன். முழங்கால் வலி வந்தது. இந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் இருந்தேன். சார்செலில் எனக்குக் கார்ட் தந்த அண்ணையின் மகள் பாக் என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் தேறியதற்கு மதியச் சாப்பாடு என்று கூப்பிட்டார்கள். கதவால் உள்ளே போனதும் சுவரில் கண்டேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் கையில்லாத பனியன், பதினேழாம் இலக்கம். கீழே மேசையில் அந்தச் சின்னப் புத்தகம், என் முதுகு இருக்கும் பக்கத்தில் விரித்து வைத்திருந்தது. நாற்பத்தாறு வயதிலும் பறந்தவர் என்று எழுதியிருந்தார்கள். வந்தவர்கள் அதைப் பார்த்து அவருடைய தோளில் தட்டிக்கொண்டு போனார்கள்.

அவரைச் சமையல் நடந்த குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணை, உது என்ன?"

"அதுவோ? கழகத்திலையிருந்து கடிதம் வந்தது தம்பி. ஆரம்பத்திலை விளையாடின ஆக்களுக்கு விழாவாம். என்ரை பேருக்குத்தானே வந்தது."

"நீங்கள் போனனீங்களோ?"

"போகாமல்? முழுக்கப் புதுப் பெடியள், ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது. கார்டைக் கேட்டாங்கள், காட்டினன். எழும்பி நிண்டு கை தட்டினாங்கள்."

"அது நான் விளையாடினது."

"ஆர் இல்லையெண்டது? நீதான் விளையாடினனி. ஆனால் என்ரை பேரிலைதானே விளையாடினனி? நான் கார்ட் தராட்டி நீ இஞ்சை சட்டிகூடக் கழுவியிருக்கேலாது."

எனக்குக் குரல் உயர்ந்தது. அவர் என் கையைப் பிடித்தார்.

"மெல்லக் கதை, பிள்ளைக்குக் கேக்கும். அப்பனைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்திலை பெருமையாச் சொல்ல வேறை என்ன கிடக்கு? இருவது வருசம் மூட்டை தூக்கினதே?"

குசினியை விட்டு வெளியே வந்தேன். மரியாதையாக இருந்து ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும் ரயிலில்தான் ஆத்திரம் பொங்கியது. மூட்டை தூக்கியது என்ன கேவலமா? இருபது வருடம் தன் முதுகால் தூக்கினாரே, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாமே. தன்னுடைய முதுகை மறைத்துவிட்டு என்னுடைய முதுகைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார். இதை அங்கேயே கேட்காமல் இரண்டாம் தரமும் கறி வாங்கிச் சாப்பிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

கழகத்துக்கு எழுதப்போகிறேன் என்று மனைவிக்குச் சொன்னேன். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பிரிபெக்சர் என்ற அரச அலுவலகத்தில் கிடந்தது. வேறொருவர் பெயரில் வேலை செய்ததாக நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அது எந்தக் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

"இஞ்சருங்கோ, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. ஒரு பனியனுக்காண்டி உள்ளதையும் துலைக்கப்போறியளோ?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. சும்மா இருந்தேன். எழுதுவதா விடுவதா என்று ஒரு வருடம் இரவு பகலாக எனக்குள்ளேயே சண்டை பிடித்தேன்.

அடுத்த வருடத் தேர் வந்தது. ரூ பஜோல் முழுக்கச் சனம். வடம் பிடிக்கும் இடத்தில் நானும் மனைவியும் நின்றோம். நாலைந்து அடி தள்ளி அந்த அண்ணையும் மகளும் நின்றார்கள். தெருவில் குவித்திருந்த தேங்காய்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலால் யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவருடைய பெயர். அவர் திரும்பினார். நானும் திரும்பினேன். ஐந்து வருடப் பழக்கம், கழுத்து தானாகத் திரும்பியது.

அந்த அவுஸ்திரேலியன். தலைமயிர் கொட்டிப்போயிருந்தது, பக்கத்தில் மனைவி. நாட்டுக்குத் திரும்பிப்போனவன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவருக்கு முன்னால் அவரைக் கவனிக்காமலே நடந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தேரில் காணலாம் என்று நீதானே சொன்னாய் என்றான். ஐம்பது தாண்டியும் ஒரு நரைகூட இல்லையே என்று என் தலையைத் தடவினான். பிறகு அவனுக்கே கோபம் வந்தது. விழாப் படத்தில் யாரோ ஒரு குள்ளமான ஆளிடம் உன் பனியனைக் கொடுக்கிறார்கள், அது அவன் இல்லை என்று எழுதினேன், அடையாள அட்டையைச் சரிபார்த்தோம் என்று பதில் போட்டார்கள், எனக்குத்தான் மூளை குழம்பிவிட்டதோ என்று நினைத்தேன் என்றான்.

மனைவி என் கையைக் கிள்ளினாள். நான் அவனுக்குக் கையை நீட்டினேன். ஐந்து வருடம் என்னோடு ஓடி விழுந்தவனுக்கு என்னை அறிமுகம் செய்தேன். பெயரைச் சொன்னேன். அவனுக்கு அது வாய்க்குள் வரவில்லை, மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. கார்ட் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். அப்படியானால் உனக்கு இப்போது என்ன வயது என்றான். முப்பத்தொன்பது என்றேன். அப்போது நீ எழும்பியதில் அப்படியொன்றும் அதிசயம் இல்லையே என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவன் கேட்டான்.

"சரி, எங்கள் கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை?"

"எந்தக் கடிதம்?"

"மூன்று கடிதம் போட்டோமே. படிவத்தில் இருந்த முகவரிக்கு. திரும்பி வா, நீ இல்லாமல் பந்து பிடிக்க ஆளில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்."

நான் அந்த அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பேச்சு முழுவதும் பிரெஞ்சில். பக்கத்தில் நின்ற மகளுக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியிருந்தது.

"செ வ்ரே, பப்பா?" என்றாள். உண்மையா அப்பா என்று கேட்கிறாள்.

"பயத்திலை பிள்ளை," என்றார் அவர், தமிழில். "பேர் மாறி விளையாடினது தெரிஞ்சு வந்திட்டாங்களோ எண்டு. நான் உடைச்சுக்கூடப் பாக்கேல்லை."

உடைத்துக்கூடப் பார்க்கவில்லை. விழாக் கடிதத்தை மட்டும் எப்படி உடைத்தார்? அதைத் தெருவில் வைத்தே கேட்டேன், எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன். தேருக்கு முன்னால் சண்டை பிடிக்கிறான் என்று என்னை நாலு பேர் ஏசினார்கள். ஏசட்டும். முப்பத்தொரு வயதில் நான் மைதானத்தை விட்டேன். என்னை ஒருவரும் தேடவில்லை என்று நம்பிக்கொண்டு இத்தனை வருடம் இருந்தேன். என் ஆட்டத்துக்கு அவர் பனியன் வாங்கியதைக்கூட மறந்துவிடலாம். அந்த மூன்று கடிதங்களை நான் மன்னிக்கப்போவதில்லை.

அவுஸ்திரேலியன் மீண்டும் கழகத்துக்கு எழுதினான். மூன்று கிழமை கழித்து எனக்கு ஒரு படிவம் வந்தது. என்ன பெயரில் விளையாடினீர்கள், ஏன், எந்த வருடங்கள், அடையாள அட்டைப் பிரதி, ஆதாரம். குடியுரிமை விண்ணப்பம் இன்னும் பிரிபெக்சரில்தான் இருந்தது. படிவத்தை மேசையில் வைத்தேன். மனைவி அதை வாசித்தாள். எழும்பிப் போய் ஒரு பேனையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில், என் இடது காறையெலும்பு கோணலாக ஒட்டியிருக்கிறது, அவருடையதைத் தடவிப் பாருங்கள், பிறகு என்னுடையதைத் தடவிப் பாருங்கள் என்று எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். கழகத்திலிருந்தும் பிரிபெக்சரிலிருந்தும் இன்னும் பதில் இல்லை. தபாலகத்தில் அனுப்புபவர் பெயரைக் கேட்டார்கள். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பெண் பிழையாக எழுதினாள். வெட்டிவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன்.